ஒன்பதாம் நம்பர் பாதையில் யானை இல்லை

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்களில் ஷைனாவின் முகம் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. சாயங்காலம் கொழுந்து எடை போட்டு முடிகிற நேரத்துக்கு எல்லோருடைய செல்போனிலும் அந்தக் குரல் வந்துவிடும். "வணக்கம். இன்று ஒன்பதாம் நம்பர் பாதையில் யானை இல்லை. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்." யானை இருக்கிற நாளில் அதே குரல், இருக்கிறது, சுற்று வழியில் போங்கள் என்று சொல்லும். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். பதிவு செய்த அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம். பிறகு நல்ல குரலில் மாற்றிவிடலாம் என்றார்கள். அதற்குள் ஜனங்களுக்கு ஜலதோஷக் குரல் பழகிப்போய்விட்டது.

ஷைனா அந்த எஸ்டேட்களில் ஒன்றிலேயே பிறந்தவள். அம்மா தபித்தாள் சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். வந்ததிலிருந்து கொழுந்து கிள்ளுகிறார். இன்றைக்கும் கிள்ளுகிறார். மகள் எத்தனை சொல்லியும் ஊட்டிக்கு வந்து உட்கார மறுக்கிற பிடிவாதக்காரி. ஷைனா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தாள். அங்கேயே ஒரு பெரிய கம்பெனியில் சில வருஷம் யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் கணக்கு வழக்குகளைக் கட்டி மேய்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, யானை எச்சரிக்கைக்காக ஒரு அறக்கட்டளை ஊட்டி பெர்ன்ஹில்லில் திறந்த சின்ன அலுவலகத்தில் சேர்ந்துகொண்டாள். சம்பளம் பாதியாகிவிட்டதே என்று சொந்தக்காரர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். தபித்தாள் மட்டும் எஸ்டேட்டில் யாரைப் பார்த்தாலும், "அந்தப் போன்ல பேசுறது எம் புள்ள" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஏற்பாடு இதுதான். காட்டோரத்தில் யானையைக் கவனிக்கிற காவலர்கள், எங்கே பார்த்தோம் என்பதைச் செல்போனில் பதிவார்கள். அது பெர்ன்ஹில், கூடலூர், பந்தலூர் என்று மூன்று ஊர்களில் இருக்கிற மூன்று மெஷின்களில் போய்ச் சேரும். மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே தரவுத்தளமாக வேலை செய்யும். ஒன்று மழையில் படுத்துவிட்டால் இன்னொன்று அதன் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆனால் படுக்காதவரை அந்தந்தப் பகுதிச் செய்தியை அந்தந்த மெஷினிடம்தான் கேட்க வேண்டும். பெர்ன்ஹில் மெஷினிடம் பந்தலூர்ச் செய்தியைக் கேட்டால், "அது பந்தலூர்க்காரனிடம் இருக்கிறது, அவன் முகவரி இது, போய்க் கேள்" என்று கைகாட்டிவிடும்.

போன் போடுகிற நிரல் தனி. அது பெர்ன்ஹில்லிலேயே வேறொரு கம்ப்யூட்டரில் கன்டெய்னருக்குள் ஓடியது. கன்டெய்னர் என்றால் லாரியில் போகிற இரும்புப் பெட்டி இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலு சுவர் எழுப்பி, நிரலையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் உள்ளே வைத்துப் பூட்டிய அறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி அறைகளுக்கென்று கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டித் தெரு உண்டு. அந்தத் தெருவுக்குத் தனியாக வீட்டு எண்கள் உண்டு. இதெல்லாம் தானாக அமைந்துகொள்ளும். யாரும் உட்கார்ந்து யோசித்து எண் போடுவதில்லை. வினையே அங்கேதான் இருந்தது.

அந்த ஆடி மாதம் மழை விடாமல் அடித்தது. அப்படி ஒரு மழை நாளில் பிற்பகல் மூன்றரைக்குப் பெனிஸிடமிருந்து போன் வந்தது. பெனிஸ் ஒன்பதாம் நம்பர் மலையை ஒட்டிய சதுப்பில் காவல் இருப்பவர். பாதி தமிழ், பாதி மலையாளம் பேசுவார்.

"ஷைனா சேச்சி, நான் போடுற மெசேஜ் ஒண்ணும் யாருக்கும் போகலயா?"

"ஏன் பெனிஸ்? நீங்க ஒண்ணும் போடலயே. இந்த வாரம் பூரா உங்க பக்கம் யானையே இல்லைன்னுதான இங்க காட்டுது."

அந்தப் பக்கம் பெனிஸ் மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"என்ன சொல்லுறீங்க சேச்சி? கூட்டத்த விட்டுப் பிரிஞ்ச ஒத்தையான் ஒண்ணு இங்கயே நிக்கிது. நான் டெய்லி போடுறேன். இன்னிக்குக் காலைல போட்டேன், இப்பவும் போட்டேன். ஆளுங்க பாட்டுக்கு அதே பாதையில வர்றாங்க. கேட்டா, போன்ல யானை இல்லைன்னு சொல்லிருச்சுங்கிறாங்க."

ஷைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைப் பார்த்தாள். மூன்று மெஷின்களுக்கும் மூன்று பச்சை விளக்குகள். எல்லாம் நலம் என்று அவை ஒரு வாரமாகக் காட்டிக்கொண்டிருந்தன. அவளும் தினம் காலையில் வந்ததும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

தன் லேப்டாப்பிலிருந்து நேராகப் பந்தலூர் மெஷினைக் கேட்டாள். அது உடனே பதில் சொன்னது. பெனிஸ் பதிந்த ஒவ்வொன்றும் வரிசையாக வந்து விழுந்தது. ஒத்தையான், பாலத்தருகே. ஒத்தையான், உண்ணிச்செடிப் புதரில். ஒத்தையான், பாதையின் மேல். திரை நிரம்பி, கீழே நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. இதில் ஒன்றுகூட ஒருவர் போனுக்கும் போகவில்லை.

"கீர்த்தி, இங்க வாங்க. சீக்கிரம்."

கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரர். அலுவலகத்தில் அவளோடு இருக்கிற இன்னொரு ஆள். எதற்கும் பதறாதவர் என்று பெயரெடுத்தவர். வந்து பார்த்ததும் அவர் முகமும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏனுங்க ஷைனா, மெஷின் நல்லாத்தானுங்க இருக்குது. பதில் வருதில்லீங்க?"

"என் லேப்டாப்புக்கு வருது. போன் போடுற கம்ப்யூட்டர்லருந்து கேட்டுப் பாருங்க."

கேட்டார். பதில் இல்லை. கன்டெய்னருக்குள் நுழைந்து கேட்டார். அங்கேயும் பதில் இல்லை. மறுக்கவில்லை, பிழை என்று சொல்லவில்லை, ஆழக் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுத்த மாதிரி இருந்தது. கூடலூரைக் கேட்டால் சட்டென்று பதில் வந்தது. பந்தலூர் ஒன்றுதான் ஊமை.

"செத்திருந்தாக்கூட கூடலூர் மெஷின் பொறுப்பை எடுத்திருக்குமுங்க" என்றார் கீர்த்திவாசன். "இது உசுரோட இருக்குதுன்னு மத்த ரெண்டும் நம்பிட்டு இருக்குதுங்க. போன் போடுற இவனுக்கு மட்டும்தான் எட்டல."

"எட்டலைன்னா எட்டலைன்னு சொல்லணும்ல? இல்லைன்னு எப்படிச் சொல்லுது?"

கேட்ட வாயை மூடுவதற்குள் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. நிரலைத் திறந்தாள். அந்த வரி அங்கே இருந்தது. இத்தனை விநாடிக்குள் பதில் வராவிட்டால், யானை இல்லை என்று எடுத்துக்கொள். எழுதியது வேறு யாருமில்லை, அவளேதான். முதல் வருஷம் மழையில் லைன் அறுந்த போதெல்லாம் போன்கள் அலறி, ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி, எஸ்டேட் துரைமார்கள் கத்தித் தீர்த்தார்கள். சும்மா சும்மா அடிக்குது என்று தபித்தாளே அலுத்துக்கொண்டார். அந்தத் தொல்லையைத் தீர்க்க அவசரத்தில் போட்ட ஒட்டு இது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய அநியாயம்! காது கேட்காதவனைக் காவலுக்கு வைத்துவிட்டு, அவன் சும்மா இருந்தால் திருடன் இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் அந்த வரியைப் பார்த்தபடியே இருந்தபோது மேசைமேல் கீர்த்திவாசனின் போன் அடித்தது. சோதனைக்காக அவர் எண்ணையும் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள். பதற்றத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

"வணக்கம். இன்று ஒன்பதாம் நம்பர் பாதையில் யானை இல்லை. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்."

மழையைப் பார்த்து எஸ்டேட்டில் இன்றைக்குச் சீக்கிரமே எடை போட்டு முடித்திருக்கிறார்கள். முடிந்ததும் அங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்துவார்கள், போன்கள் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டன. ஷைனா பாய்ந்து நிரலை நிறுத்தினாள். நிறுத்தி என்ன பயன்? திரையில் போய்ச் சேர்ந்த எண்கள் ஓடின. நடுவில் அம்மாவின் எண்ணும் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கேட்டு முடித்தார் என்று எழுதியிருந்தது.

அம்மாவின் பழக்கம் அவளுக்குத் தெரியும். மகளின் குரலைக் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பார். பிறகு போனைப் பாலிதீன் பையில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கோடு பைக்குள் வைத்து, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பிப்பார். லயத்து வீட்டுக்கு வந்து துணி மாற்றிய பிறகுதான் போன் மறுபடி வெளியே வரும். ஆனாலும் அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கீர்த்திவாசன் மற்றவர்களுக்கு அடித்துக்கொண்டிருந்தார். சிலர் எடுத்தார்கள், பலர் எடுக்கவில்லை. பெனிஸோ சதுப்புக்கு அந்தக் கரையில் இருந்தார், நடுவில் ஓடை கரைபுரண்டது.

அப்போதுதான் அவளுக்குச் சங்கு ஞாபகம் வந்தது. இந்தப் போனெல்லாம் வருவதற்கு முன்னால் பாக்டரிச் சங்கை விட்டு விட்டு மூன்று தரம் ஊதினால் யானை என்று அர்த்தம். போன் வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். நவீனமாகிவிட்டோம் அல்லவா!

பாக்டரியில் தேயிலையைக் காயவைக்கிற டிரையரைப் பார்த்துக்கொள்ளும் செல்லதுரைக்குப் போன் போட்டாள். பக்கத்து லயத்துக்காரர், சின்ன வயதிலிருந்து அவளுக்கு மாமா. மழைக்காலத்தில் அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை காயாவிட்டால் டிரையர் பக்கத்துச் சூட்டில் தொங்கவிட்டுக் காயவைத்துக் கொடுப்பார். அவள் வகுப்பில் தேயிலை வாசனையோடு உட்கார்ந்திருப்பாள்.

"மாமா, சங்கு ஊதுங்க. மூணு தரம். ஒம்பதாம் நம்பர்ல ஆனை நிக்கிது."

"என்ன புள்ள சொல்ற? இப்பத்தான நீயே இல்லைன்ன!"

"தப்பா சொல்லிட்டேன் மாமா. ஊதுங்க!"

"தொரை குன்னூர் போயிட்டாரே. அவரு சொல்லாம..."

"அம்மா அந்தப் பாதையிலதான் மாமா போகுது."

செல்லதுரை போனைக் கையில் பிடித்தபடியே ஓடுகிற சத்தம் கேட்டது. ரப்பர் பூட்ஸ் தரையில் அடித்தது, ஏதோ கதவு திறந்தது. பிறகு போன் வழியாகவே அந்தச் சங்குச் சத்தம் பெர்ன்ஹில் அறைக்குள் வந்தது. நின்றது. வந்தது. நின்றது. வந்தது. ஷைனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சங்கு ஓய்ந்து செல்லதுரை மூச்சிரைக்கத் திரும்பி வந்ததும், அவளுக்கு என்னவோ தோன்றிக் கேட்டாள்.

"மாமா, நம்ம மெஷின் அங்க ஆபீஸ் ரூம்லதான இருக்கு?"

"ஆபீஸ் ரூம்ல எங்க புள்ள வெக்கிறது? செவுரெல்லாம் ஊறிப்போய்ப் பெட்டி மேல பூஞ்சை பூத்திருச்சு. நீ செஞ்சது, வீணாப் போயிருமேன்னு போன வாரம் தூக்கியாந்து டிரையர் பக்கத்துல வெச்சிருக்கேன். சும்மா கணகணன்னு இருக்கு. அங்கேயே பாக்டரி வயரு ஒண்ணு இருந்துச்சு, அதுல சொருகிட்டேன். பச்ச லைட்டு எரிஞ்சுச்சே! ஏன், தப்பா?"

அவள் சட்டையைக் காயவைத்த அதே இடத்தில், அதே பிரியத்தோடு வைத்திருக்கிறார். அந்த மனிதரை என்ன சொல்வது?

கீர்த்திவாசன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பந்தலூர் மெஷினின் இப்போதைய முகவரியை எடுத்துப் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு, பதினேழு என்று தொடங்கியது. கன்டெய்னர்களுக்கான குட்டித் தெருவின் எண்களைப் பார்த்தார். அதுவும் நூற்று எழுபத்திரண்டு, பதினேழு. பாக்டரிக்கு வயர் இழுத்தவர் எப்போதோ அந்த எண்களைக் கொடுத்திருக்கிறார். கன்டெய்னரும் தானாக அதே எண்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வயரில் இருந்தவரை பந்தலூர் மெஷினுக்கு வேறு எண். வயர் மாறியதும் இந்த எண் வந்தது. மெஷினும் தன் புது முகவரியை மற்ற இரண்டுக்கும் ஒழுங்காகச் சொல்லிவிட்டது. அவை அதை ஏற்றுக்கொண்டு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தன. ஆனால் போன் போடுகிற நிரல் அந்த முகவரிக்குக் கிளம்பினால், "இது நம் தெருதானே" என்று கம்ப்யூட்டர் அதை வாசலைத் தாண்டவே விடவில்லை. தன் குட்டித் தெருவுக்குள்ளேயே இல்லாத வீட்டின் கதவைத் தேடிக்கொண்டு நிரல் நின்றிருக்கிறது. ஷைனாவின் லேப்டாப்புக்குள் அந்த மாதிரித் தெரு கிடையாது, அதனால் அவளுக்குப் பதில் வந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இத அமைக்கும்போதே நான் பார்த்திருக்கோணுமுங்க" என்றார் கீர்த்திவாசன். "தெருவுக்கு வேற நம்பர் குடுத்தா முடிஞ்சுதுங்க."

கொடுத்தார். கன்டெய்னரைப் புது எண்களோடு மறுபடி எழுப்பினார். பந்தலூர் மெஷின் சட்டென்று பதில் சொன்னது. அவ்வளவுதான் வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. ஷைனா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பெனிஸ்தான் கூப்பிட்டார். ஒத்தையான் பாலத்தைத் தாண்டிப் பாதையில் ஏறி, குறுக்கே நின்று, அப்புறம் மேலே போய்விட்டதாம். சங்கு கேட்டதும் கீழே வந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பி ஓடினார்களாம். யார் யார் என்று மழையில் தெரியவில்லையாம்.

அதற்கப்புறம் அம்மாவின் எண் வந்தது.

"ஏம் புள்ள, சங்கு ஊதுறாங்களே, யாருக்கும் என்னமும் ஆயிருச்சா? நாங்க பாலத்துக்கு இங்கிட்டே நின்னு திரும்பி வந்துட்டோம். நீ எத்தனையோ தரம் அடிச்சிருக்க. ஒனக்கு ஒண்ணும் இல்லையே?"

ஷைனா போனைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது வருவதற்கும் நேரம் பிடித்தது.

மறுநாளே அவள் அந்த வரியை எடுத்துவிட்டாள். மூன்றாவதாக ஒரு பதிவு செய்தாள். பதில் வராத நாளில் அது போகும்: "யானை எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பார்த்துப் போங்கள்." இதைச் சொல்ல ஒரு மெஷினா என்று ஒருவர் கேட்டாராம். கேட்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறினாள். கூடலூரில் இறங்கி, பஸ் மாறி, பந்தலூர் போய், லயத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. தபித்தாள் மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மனதை அரித்ததைக் கேட்டாள்.

"அம்மா, அந்த ஒரு வாரமும் நீ அந்தப் பாதையிலதான் வந்தியா?"

"ஆமா. நீதான் இல்லைன்னியே."

"ஒண்ணுமே பாக்கலயா? நாப்பது வருசமா ஆனையோட இருக்க. ஒரு சத்தம், ஒரு வாடை, ஒண்ணுமா தெரியல?"

தபித்தாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"தெரிஞ்சுச்சு. புதன்கிழம பாலத்துகிட்ட ஆனை லத்தி கெடந்துச்சு. ஆவி பறந்துச்சு புள்ள. மூங்கில ஒடிச்சுப் போட்டிருந்துச்சு, ஒடிச்ச எடத்துல ஈரம் காயல. வாடையும் அடிச்சுச்சு. கூட வந்தவளுக பயந்துட்டாளுக."

"அப்புறம்?"

"போனை வெளிய எடுத்தேன். திருப்பி அடிச்சா இன்னொரு தரம் சொல்லும்ல? அடிச்சுக் கேட்டேன். இல்லைன்ன. எம் புள்ள இல்லைன்னு சொல்லிருச்சு, எங் கண்ணுக்குத்தான் வயசாயிருச்சு, வாங்கடின்னு நாந்தான் அவளுகளக் கூட்டிக்கிட்டு முன்னாடி நடந்தேன்."

ஷைனா டம்ளரைக் கீழே வைத்தாள். பாலத்தருகே ஆவி பறக்கிற லத்தியின் முன்னால் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் நின்றது. வாயைத் திறந்தாள். "அம்மா, இனிமே நான் என்ன சொன்னாலும் நீ..."

அதற்குள் சுவரோரம் போன் அடித்தது. சாயங்கால நேரத்து அழைப்பு; எடை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அது தவறாது. தபித்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் எடுத்தார்.

"செத்த சும்மா இரு புள்ள" என்று மகளை அடக்கினார். "நீ பேசுற." அப்படியே கதவோரம் நின்று, மகளின் குரலைக் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார்.